இஞ்சி சோடாவில் சர்க்கரைக்கு இரண்டு வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

கடையில் விற்கும் இனிப்புச் சோடா டப்பா ஒன்றில் 330 மில்லி பானம் இருக்கும். அதில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை கரைந்திருக்கும். தேக்கரண்டிக் கணக்கில் எட்டுக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. அந்த 5 சதவீதம் பெரியவர் ஒருவருக்குச் சுமார் 25 கிராம். ஒரே டப்பாவில் அதைத் தாண்டிவிடுகிறோம்.

இதைக் கேட்டதும், "அப்படியென்றால் தேனோ வெல்லமோ போட்டு வீட்டிலேயே செய்துகொள்கிறோம்" என்று பலர் சொல்வதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே வழிகாட்டுதல் தேனையும் பழச்சாற்றையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறது. வெல்லம் என்பதற்காக உடம்பு தனிக் கணக்குப் போடுவதில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

அப்புறம் வீட்டில் செய்வதால் என்ன லாபம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நொதிக்க வைத்துச் செய்யும் இஞ்சி சோடாவில் சர்க்கரைக்கு இரண்டு வேலை. ஒரு பங்கு, ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்குத் தீனி. அதைத் தின்றுதான் ஈஸ்ட் வாயுவை வெளிவிடுகிறது. மறு பங்குதான் நம் நாக்குக்கு. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால், எவ்வளவு போடுவது, எதைப் போடுவது, பாட்டில் ஏன் வெடிக்கிறது என்று எல்லாமே விளங்கிவிடும்.

கணக்கு எளிதானது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகவும் மீதிப் பாதி ஆல்கஹாலாகவும் மாறுகிறது. 4 கிராம் சர்க்கரையிலிருந்து 2 கிராம் வாயு வரும். 2 கிராம்தானே என்று நினைக்காதீர்கள். அது ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும். நன்றாக நுரைக்கிற சோடா என்றால் ஒரு லிட்டர் பானத்துக்குள் மூன்று, நான்கு லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்று பொருள். ஆக ஒரு லிட்டருக்கு 12 முதல் 16 கிராம் சர்க்கரை இருந்தால் நுரைக்குப் போதும். அதற்கு மேல் போடுவதெல்லாம் இனிப்புக்காக மட்டுமே. அதை எவ்வளவு என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

சோடாவின் சரித்திரமே நொதித்தலில்தான் தொடங்குகிறது. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு மதுவடிப்பாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே தேங்கி நிற்கும் வாயுவைக் கவனித்தவர், அந்த வாயுவுக்குள் வைத்தே தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். தண்ணீர் சுறுசுறுவென்று நாக்கில் ஏறியது. மனிதன் கையால் செய்த முதல் சோடா நீர் அதுதான் என்பார்கள். இன்று தொழிற்சாலைகள் வாயுவை உருளையில் அடைத்து அழுத்தி ஏற்றுகின்றன. நாம் வீட்டில் செய்யப்போவது பழைய வழி. வாயுவைப் பாட்டிலுக்குள்ளேயே பிறக்க வைக்கிறோம்.

அதற்கு ஈஸ்ட் வேண்டும். தனியே வாங்க வேண்டியதில்லை. இஞ்சியின் தோலிலேயே இருக்கிறது. கூடவே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாவும் இருக்கிறது. இந்த இரண்டு வகையும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதை ஆராய்ச்சியில் காட்டியவர் மார்ஷல் வார்டு என்ற தாவரவியல் அறிஞர். அந்தக் காலத்து இஞ்சி பீரைப் புளிக்க வைக்கும் கட்டியை எடுத்து, அதிலுள்ள உயிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து 1892-இல் வெளியிட்டார்.

தயிருக்கு உறை வேண்டியிருப்பது போல, இதற்கும் ஒன்று வேண்டும். இஞ்சி உறை என்றே சொல்கிறேன். அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடி எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். இஞ்சியை மண் போகும் அளவுக்கு அலசினால் போதும். தோலைச் சீவிவிட்டால் வேலையே நடக்காது, நமக்கு வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கதிர்வீச்சு கொடுத்துப் பதப்படுத்திய இஞ்சியும் ஆகாது. தோலோடு துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, பொடித்த வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ இரண்டு மேசைக்கரண்டி, மேலே தண்ணீர். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேருங்கள். கிருமியைக் கொல்ல விட்ட குளோரினுக்கு நம் ஈஸ்ட் வேறு, கிருமி வேறு என்று தெரியாது. ஜாடி வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத, கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள்.

தினமும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சித் துருவலும் ஒரு மேசைக்கரண்டி இனிப்பும் போட்டுக் கிளறிவிட வேண்டும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. துருவல் அடியில் கிடக்கும். அப்புறம் ஒரு நாள் கிளறும்போது ஓரத்தில் குண்டூசித் தலையளவில் குமிழ்கள் வரிசை கட்டி நிற்கும். அடுத்து, அடியில் கிடந்த துருவல் முழுக்க மேலே மிதந்து வரும். காதை ஜாடி வாயருகே கொண்டுபோனால் மெல்லிய சீறல் கேட்கும். மணமும் மாறும். பச்சை இஞ்சி வாசனைக்கு அடியில் இளம்புளிப்பு ஒன்று எட்டிப்பார்க்கும். இடம் வெப்பமாக இருந்தால் மூன்று, நான்கு நாளில் இந்த நிலை வந்துவிடும். குளிராக இருந்தால் ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகலாம். பொறுத்திருங்கள். மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போலப் பூஞ்சை கண்டால் மட்டும் யோசிக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். மேலோட்டமாக எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் வேலை வேண்டாம்.

உறைக்குத் தேனைவிட வெல்லம் நல்லது என்பது என் கருத்து. தேனுக்கு இயல்பாகவே நுண்ணுயிர்களை அடக்கும் குணம் உண்டு, அதனால் தொடக்கம் மந்தமாகும். வெல்லத்தில் ஈஸ்டுக்கு வேண்டிய தாது உப்புகளும் இருக்கின்றன, வேகம் பிடிக்கும்.

சரி, இனி சோடா. ஒரு லிட்டருக்கு 60 கிராம் இஞ்சி. இதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியை மெல்லிய வில்லைகளாக வெட்டி, அரை லிட்டர் தண்ணீரில் மூடிபோட்டுச் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மறு பாதியைத் துருவிப் பிழிந்து பச்சைச் சாறாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இரண்டு விதம் என்றால், பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருகிறது. சூட்டில் அதன் ஒரு பகுதி ஷோகாவோலாக மாறும், அது இன்னும் காரமானது, தொண்டையில் நின்று எரிக்கும். ஆனால் கொதியில் வாசனை ஆவியோடு போய்விடும். பச்சைச் சாற்றில் வாசனை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் மூக்குக்கும் தொண்டைக்கும் ஒரே மடக்கில் இஞ்சி கிடைக்கும். பிழிந்த சாற்றைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். அதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுங்கள்.

கொதித்த இஞ்சி நீர் சூடாக இருக்கும்போதே 50 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டுங்கள், மண்ணும் தூசியும் போகட்டும். மீதி அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே, வெறும் வெதுவெதுப்பாக ஆகும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டுச் சூட்டில் உறையை ஊற்றினால் ஈஸ்ட் வெந்து செத்துவிடும். ஆறிய பிறகு பச்சை இஞ்சிச் சாறு, ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, வடிகட்டிய இஞ்சி உறை கால் கப். உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும், எலுமிச்சையின் புளிப்பு வேண்டாத கிருமிகளைத் தள்ளி நிறுத்தும். கிளறிப் பாட்டிலில் ஊற்றி, கழுத்தில் மூன்று விரல் அளவு இடம் விட்டு இறுக மூடுங்கள்.

இந்த 50 கிராமில் 12, 15 கிராமை ஈஸ்ட் தின்றுவிடும். மிச்சம் 35. கால் லிட்டர் டம்ளருக்கு ஒன்பது கிராம் போல வரும். கடைப் பானத்தில் அதே அளவு டம்ளருக்கு 25 கிராம் தாண்டும். இதுவே இனிப்பாக இல்லை என்று தோன்றினால், இஞ்சியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். சர்க்கரையைக் கூட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். காரம் மிதமிஞ்சும்போதுதான் நாக்கு இனிப்பைத் தேடுகிறது.

வெல்லத்துக்குப் பதில் தேன் என்றால் 60 கிராம் போடலாம், தேனில் ஐந்தில் ஒரு பங்கு போலத் தண்ணீர்தான். பானம் ஆறிய பிறகு கலந்தால் தேனின் மணம் தங்கும். தேன் சேர்த்த எதையும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஆப்பிள் சாறு எனக்கு மிகவும் பிடித்தது. 100 மில்லியில் சுமார் 10 கிராம் சர்க்கரை அதிலேயே இருக்கிறது. பாதி தண்ணீருக்குப் பதில் பாதி சாறு ஊற்றினால் வேறு இனிப்பே தேவையில்லை. பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்தும் போடலாம். சுவை அருமை. ஆனால் சக்கை துளி இருந்தாலும் பாட்டிலைத் திறக்கும்போது பீறிட்டுக் கொட்டும். வாயு அந்தத் துகள்களைப் பற்றிக்கொண்டுதான் குமிழாகக் கிளம்புகிறது. இரண்டு தடவை வடிகட்டுங்கள்.

சீனித்துளசி, அதாவது ஸ்டீவியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இனிப்பை ஈஸ்ட் தின்னாது. அது நாக்குக்கு மட்டும். ஆகவே ஈஸ்டுக்கு 15 கிராம் வெல்லம், நாக்குக்குச் சீனித்துளசி இலைச் சாறு என்று பிரித்துப் போட்டால், நொதித்து முடிந்தபின் சர்க்கரை பேருக்குத்தான் மிஞ்சும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தீனி 15 கிராம்தான் என்பதால் வாயுவும் அதற்கு மேல் வராது. பாட்டில் தாங்கும்.

மற்றபடி பாட்டில் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 50 கிராம் சர்க்கரை உள்ள பாட்டிலை வெளியே மறந்து வைத்துவிட்டால் ஈஸ்ட் நம் பங்கையும் தின்னத் தொடங்கும். ஒரு லிட்டருக்குள் 12 லிட்டர் வாயு நெருக்கும். சாதாரணக் கண்ணாடி பாட்டில் சிதறிவிடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதனால் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலையே கழுவிப் பயன்படுத்துங்கள். அது அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டது, தவிர கையால் அமுக்கிப் பார்க்கலாம். மூடியவுடன் கட்டைவிரலால் அமுக்கினால் பக்கம் உள்ளே போகும். ஒரு நாள் கழித்துக் கொஞ்சம் எதிர்க்கும். கல் போல ஆகி விரலுக்கு மசியவில்லை என்றால் நுரை தயார், அப்போதே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். வெப்பமான நாளில் இது ஒரே நாளில் நடக்கும், குளிரில் மூன்று நாள் ஆகும். நாள் கணக்கை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

ஃப்ரிட்ஜில் ஓர் இரவு முழுக்க இருக்கட்டும். குளிரில் ஈஸ்ட் அடங்கும். அதோடு வாயுவும் நீரில் நன்றாகக் கரையும். 20 டிகிரியில் கரைவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு 0 டிகிரியில் கரைகிறது. திறக்கும்போது மூடியைச் சிறிது திருப்பி, சீறல் அடங்கவிட்டு, மறுபடி திருப்புங்கள். ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜிலும் ஈஸ்ட் மெதுவாகத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

ஆல்கஹால் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். வாயு வந்தால் ஆல்கஹாலும் கூடவே வரும். நான் சொன்ன அளவில் அரை சதவீதம் முதல் 1 சதவீதம் வரை இருக்கலாம், வெளியே கூடுதல் நாள் வைத்தால் ஏறும். கர்ப்பிணிகள், குழந்தைகள், மதுவை அறவே தவிர்ப்பவர்கள், அதோடு சேராத மருந்து சாப்பிடுபவர்கள் இதைக் குடிக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இஞ்சியை அதிகமாகச் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆல்கஹால் ஆகாதவர்களுக்கு நொதிக்காத வழி ஒன்று இருக்கிறது. 100 கிராம் இஞ்சியைக் கால் லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறியபின் 50 கிராம் தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு நான்கு பங்கு, இனிப்பில்லாத வெறும் சோடா சேருங்கள். இங்கே வாயு ஏற்கெனவே இருக்கிறது, ஈஸ்டுக்குத் தீனி போட வேண்டாம். அதனால் நாக்குக்கு வேண்டியதை மட்டும் போட்டால் போதும்.

உறையை எடுத்த ஜாடியில் எடுத்த அளவுக்குத் தண்ணீரும் ஒரு கரண்டி இனிப்பும் கொஞ்சம் இஞ்சித் துருவலும் போட்டு வையுங்கள், மறுபடி பொங்கும். சில வாரம் செய்யப்போவதில்லை என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து, வாரம் ஒரு முறை ஒரு மேசைக்கரண்டி இஞ்சியும் இனிப்பும் கொடுத்தால் போதும். திரும்பச் செய்ய நினைக்கும்போது இரண்டு நாள் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். குமிழ் வந்த பிறகு பாட்டிலுக்குப் போகலாம்.

வணக்கம்.