கதைகளுக்கு வாசல் திறந்துவிட்ட ஒரு வாரம்

பெரியோர்களே, நண்பர்களே!

காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச். 370 எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இந்தியப் பெருங்கடலில் தன் ராணுவத் தளம் இருக்கும் டீகோ கார்சியா தீவில் அமெரிக்கா ஒளித்துவைத்திருக்கிறது என்பார் ஒருவர். கஜகஸ்தானில் இறக்கிவிட்டார்கள் என்பார் மற்றவர். கருந்துளை விழுங்கியிருக்குமோ என்று ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விவாதமே நடந்தது! சிரிக்கலாம்தான். ஆனால் கதை கட்டியவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2014 மார்ச் 8. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு 239 பேருடன் போன போயிங் 777 அது. நள்ளிரவு தாண்டி 1.19க்கு விமானி 'குட் நைட்' சொன்னார். ஓரிரு நிமிடங்களில் தரைக்கட்டுப்பாட்டுத் திரையில் விமானத்தைக் காணவில்லை. ராணுவ ரேடாரிலோ 2.22 வரை தடம் பதிந்திருக்கிறது: வந்த வழியே திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கு அருகே வளைந்து, அந்தமான் கடல் பக்கம். அப்படியிருந்தும் கிழக்கே தென்சீனக் கடலில் ஒரு வாரம் கப்பல்கள் அலைந்தன. மேற்கேயும் ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு மழுப்பலே பதில். விமானம் வேண்டுமென்றே திருப்பப்பட்டதுபோல் தெரிகிறது என்று பிரதமர் நஜிப் ரசாக் வாய்திறந்தது 15ஆம் தேதி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ரேடாரைத் தாண்டிய பிறகும் விமானத்திலிருந்த செயற்கைக்கோள் கருவி ஓயவில்லை. ஏறத்தாழ மணிக்கொரு முறை தரைநிலையம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். கருவி 'இருக்கிறேன்' என்னும். வேறு பேச்சில்லை. அந்தப் பதில் வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து, செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையிலான தூரத்தை செயற்கைக்கோள் நிறுவனமான இன்மார்சாட்டின் பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். அலைவெண்ணில் தெரிந்த சிறு மாறுதல், போனது தெற்கே என்று காட்டியது. கடைசிச் சமிக்ஞை காலை 8.19க்கு, எரிபொருள் தீர்ந்திருக்கும் நேரம். கஜகஸ்தான் கதை அங்கேயே முடிந்தது. டீகோ கார்சியாவும் அந்தக் கணக்குக்குள் வராது.

2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஓர் இறக்கைத் துண்டு ஒதுங்கியது. மேலெல்லாம் கொட்டலசு என்னும் கடலில் ஒட்டி வாழும் சிறு உயிரினம் அப்பிக்கிடந்தது. உள்ளே இருந்த எண் தயாரிப்புப் பதிவேட்டோடு பொருந்தியது. விமானம் இந்தியப் பெருங்கடலில் விழுந்தது என்பதில் இனி எனக்குச் சந்தேகமில்லை.

திருப்பியது யார்? தலைமை விமானி வீட்டில் வைத்திருந்த, விமானம் ஓட்டிப் பழகும் கணினிக் கருவியில் தெற்கு இந்தியப் பெருங்கடல் இடங்களைக் குறிக்கும் புள்ளிகள் பதிவாகியிருந்தன. பலருக்கு அது போதும். எனக்குப் போதாது. அவர் நடத்தையில் மாறுதல் எதுவும் தென்படவில்லை என்றும், மூன்றாம் நபரின் தலையீட்டை ஒதுக்கிவிட முடியாது என்றும் 2018 விசாரணை அறிக்கை சொல்கிறது. கறுப்புப் பெட்டி கிடைக்காதவரை அவரைக் கொலையாளி என்று இந்த மேடையில் நான் சொல்லமாட்டேன்.