பழகிய கையும் பிடி இறுகிய மூளையும்

வணக்கம். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமிருந்து வந்திருக்கும் தாய்மார்களில் பீடி சுற்றுகிறவர்கள் பலர் இருப்பீர்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டே இலையில் தூளை வைத்து உருட்டி நூல் கட்டிவிடுகிறீர்கள். பழகிய புதிதில் அப்படி முடிந்ததா? ஒவ்வொரு இலையையும் பார்த்துப் பார்த்துத்தானே செய்தீர்கள்! அந்த வேலையைக் கைப்பழக்கமாக்கித் தந்ததில் மூளையின் ஆழத்தில் இருக்கும் சில நரம்பணுத் திரள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பேசல் கேங்லியா என்பார்கள்.

அசைவுகளை அடக்கிவைப்பதுதான் இதன் ஓயாத வேலை. அசைவுக்கான சேதிகளைக் கடத்திவிடும் தலாமஸ் என்ற மூளைப்பகுதியை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். நமக்கு வேண்டிய அசைவுக்கு மட்டும் பிடி சற்றுத் தளரும். மற்றவை அடங்கியே கிடக்கும். எதற்குத் தளர்வது என்பதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு முக்கியப் பங்கு.

டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள் நடுமூளையில் கருநிறப் பட்டையாக இருக்கின்றன. அவை மடிய மடிய, பிடி இறுகிப்போகும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிவைத்த நோய் இதுதான்; அவர் பெயரிலேயே பார்க்கின்சன் நோய் என்கிறோம். ஹண்டிங்டன் நோயில் நேர்மாறு: அடக்க வேண்டியது அடங்காமல் உடம்பு தானாக ஆடும்.

பார்க்கின்சன் நோயை, கை நடுங்கினால்தான் நாம் கவனிக்கிறோம். நடை சுருங்குவதையும், முகத்தில் உணர்ச்சி குறைவதையும், கையெழுத்து பொடியாவதையும் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார் என்று அந்தப் பெரியவரைக் கடிந்துகொள்ளவும் செய்கிறோம். எனக்கு இது தாங்கவில்லை. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க ஏன் தாமதம்?

டோபமைனை அப்படியே விழுங்கினால் மூளைக்குள் போகாது. லெவோடோபா என்ற மருந்து போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 1960களில் வந்த அந்த மருந்துதான் இன்றும் முதன்மையானது. பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது, உண்மைதான். ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. நடக்கும்போது நோயாளியின் கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிட்டால் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். அவர் தடுமாறும் இடத்தில் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டு, கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். பலருக்குக் கால் எழும்பும். கண்ணால் பார்த்துச் செய்யும் அசைவுக்கு மூளையில் வேறு பாதைகளும் கைகொடுக்கின்றன.