ஃபியாமே: வழக்காடிப் பெற்ற பதவி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா நாட்டின் முதல் பெண் பிரதமர் ஃபியாமே நவோமி மத்தாஃபா. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் "முதல் பிரதமரின் மகள்" என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்வதுண்டு. உண்மைதான். 1962இல் சமோவா விடுதலை பெற்றபோது பிரதமராக இருந்தவர் அவருடைய தந்தை. தாயாரும் நாடாளுமன்றத்தில் இருந்தவர். ஆனால் பிறந்த குடும்பத்தால் மட்டும் ஃபியாமேவுக்கு எதுவும் கைகூடிவிடவில்லை. பட்டத்துக்கும் பதவிக்கும் அவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

சமோவாவின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம். அங்கே ஒவ்வொரு பெருங்குடும்பமும் தனக்கொரு தலைவரைத் தேர்ந்து பட்டம் சூட்டுகிறது. அவரை மத்தாய் என்கிறார்கள். குடும்பத்தின் நிலமும் மானமும் அவர் பொறுப்பு. 1990இல் பொது வாக்கெடுப்பு நடக்கும்வரை நாடாளுமன்றத் தேர்தலில் சாதாரணக் குடிமக்களுக்கு வாக்கே கிடையாது. அநேகமாக மத்தாய்கள் மட்டுமே வாக்களித்தார்கள். இன்று 21 வயதான எல்லோரும் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்பதற்கு மட்டும் மத்தாய் பட்டம் கட்டாயம். பெண்கள் பட்டம் பெறச் சட்டம் தடை போடவில்லை. ஆனாலும் பெண் மத்தாய்கள் குறைவு. பெண்களுக்குப் பட்டமே தராத கிராமங்களும் உண்டு. ஒரு பெண்ணின் அரசியல் வாய்ப்பு வாக்குச்சாவடிக்கு வருமுன்பே, குடும்பக் கூட்டத்திலேயே முடிந்துபோகிறது என்பதுதான் இதன் பொருள்.

ஃபியாமேவின் தந்தை 1975இல் காலமானபோது அவர் வெலிங்டனில் மாணவி. தந்தையின் பட்டம் யாருக்கு என்ற தகராறு நீதிமன்றத்துக்குப் போனது. படிப்பை இடையில் விட்டுவிட்டு ஊர் திரும்பி, இருபது வயதையொட்டிய இளம்பெண்ணாக அந்தப் பட்டத்தைப் பெற்றார். 1985இல் உபோலு தீவின் லொட்டோஃபாகா தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1991இல் கல்வி அமைச்சரானார். சமோவாவின் அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். கல்வித் துறையில் மட்டும் பதினைந்து ஆண்டுகள். பிறகு மகளிர் நலத் துறை, நீதித் துறை. 2016இல் துணைப் பிரதமர்.

2020 செப்டம்பரில் அந்தப் பதவியை அவர் உதறினார். நிலம், பட்டம் தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து பிரித்து நிறுத்தும் மூன்று மசோதாக்களை அரசு கொண்டுவந்தது. சட்டத்தின் ஆட்சியை இது குலைத்துவிடும் என்று அவர் கருதினார். தம் பட்டத்தையே வழக்கின் வழியாகப் பெற்றவர் ஃபியாமே. நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு ஏட்டளவு விஷயமாக இருந்திருக்க முடியாது. அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இது.

அடுத்து ஃபாஸ்ட் என்ற புதுக் கட்சியின் தலைவரானார். 2021 ஏப்ரல் தேர்தலில் ஃபாஸ்ட் 25, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக இருந்த துயிலாயெபாவின் ஆளுங்கட்சி 25, சுயேச்சை ஒருவர். அந்தச் சுயேச்சை யார் பக்கம் என்று நாடே காத்திருந்த வேளையில், தேர்தல் ஆணையர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கூடுதல் உறுப்பினராக அறிவித்தார். நாடாளுமன்றத்தில் குறைந்தது பத்து சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற அரசியல் சட்ட விதியே அவர் சொன்ன காரணம். சுயேச்சை ஃபியாமேவிடம் வந்ததும் கணக்கு 26க்கு 26 என்று நின்றது. பெண்களுக்காக எழுதப்பட்ட விதி, நாட்டின் முதல் பெண் பிரதமரின் வழியை மறித்தது. விதி நல்லதுதான், அதைப் பயன்படுத்திய வேளை எனக்கு இன்றும் கசக்கிறது.

மே 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. 24ஆம் தேதி பதவியேற்கப் போனால் நாடாளுமன்றக் கதவு பூட்டிக் கிடந்தது. தலைமை நீதிபதியே நேரில் நடந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஃபியாமேவும் கட்சியினரும் வெளியே புல்வெளியில் கூடாரம் அமைத்துப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். அது செல்லும் என்று ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட இரண்டு மாதங்களில் யார் பிரதமர் என்பதே கேள்வியாக இருந்தும், வழக்கு மன்றத்தைத் தவிர வேறு வழியை அவர் நாடவில்லை.

பிரதமரானதும் வையுசு விரிகுடாவில் சீன உதவியோடு கட்டத் திட்டமிட்டிருந்த, சுமார் பத்துக் கோடி டாலர் மதிப்பிலான துறைமுகத்தைக் கைவிட்டார். நாட்டின் வெளிக்கடனில் ஏறத்தாழ 40 சதவீதம் சீனாவுக்கே சேர வேண்டியிருந்த நிலையில் அது தேவைக்கு மீறியது என்று முடிவு செய்தார். 2024 அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்களின் மாநாடு தலைநகர் ஆப்பியாவில் நடந்தது.

வீழ்ச்சி சொந்தக் கட்சியிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் கட்சியின் முக்கியத் தலைவர் லாவுலி மீது காவல்துறை குற்றம் சாட்டியதும் ஃபியாமே அவரை அமைச்சர் பதவியிலிருந்து நீக்கினார். கட்சி உடைந்தது. இரண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களைத் தாண்டியவர் மே மாதம் வரவுசெலவுத் திட்டத்தின் மீதான வாக்கெடுப்பில் தோற்றார், தேர்தலுக்கு வழிவிட்டார். ஆகஸ்ட் 29 தேர்தலில் அவருடைய புதிய கட்சிக்குக் கிடைத்தவை மூன்றே இடங்கள். லாவுலி பிரதமரானார். ஆட்சி போனாலும் லொட்டோஃபாகா மக்கள் ஃபியாமேவைக் கைவிடவில்லை. 1985இல் முதன்முதலாக அனுப்பிய அதே தொகுதி, இம்முறையும் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது.

நன்றி. வணக்கம்.