வசனம் மூலையில் இருக்கட்டும், பையன் எங்கே நிற்கிறான்?

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டை ஆசிரியப் பெருமக்களே, வணக்கம். 'வகுப்பறையில் கிறிஸ்தவ விசுவாசம் வெளிப்படுவது போதனையிலா, நடத்தையிலா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்தையில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அழகாகப் பேசினார். காலை ஜெபம், வேதபாட வகுப்பு, கரும்பலகை மூலையில் தினம் ஒரு வசனம், இதெல்லாம் போய்விட்டால் மிஷன் பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் என்ன வித்தியாசம் என்றார். இருக்கட்டும் அம்மா, ஒன்றையும் அழிக்க வேண்டாம். ஆனால் அந்த வசனத்துக்குக் கீழேதான் ஃபீஸ் கட்டாத பையனை எழுப்பி நிறுத்துகிறோம்!

இன்னொன்று. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் யாரையும் மத போதனைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3)ஆவது பிரிவு. அதனால் வேதபாட மணி அடித்ததும் பாதி வகுப்பு நன்னெறி வகுப்புக்கு எழுந்து போய்விடுகிறது. போகிற பிள்ளைக்கு உங்கள் விசுவாசம் எங்கே தெரியும்? கணக்குப் பாடத்தில் தெரிந்தால்தான் உண்டு.

19ஆம் நூற்றாண்டு முடிகிற சமயம், இதே ஊரில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் நாளே என்ன பிரசங்கம் பண்ணியிருக்க முடியும், சொல்லுங்கள்?

கிருபை காட்டினால் பிள்ளை கெட்டுப்போகும் என்றும் ஒரு வாதம் வந்தது. பைபிளில் வரும் சகேயுவைப் பாருங்கள். வரி வசூலில் அநியாயமாய்ச் சம்பாதித்தவன், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தான். "அநியாயமாய் வாங்கினதைத் திருப்பிக் கொடு, அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று இயேசு பேரம் பேசவில்லை. மரத்தைவிட்டு இறங்கு, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னது சகேயு. நாமோ வரிசையை மாற்றிப் போட்டுவிட்டோம். முதலில் திருந்து, அப்புறம் முகம் கொடுத்துப் பேசுகிறேன் என்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஓர் அரையாண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்புப் பையன் சட்டைக் கைமடிப்பில் பிட்டு வைத்திருந்தான். விடைத்தாளைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க இரண்டாகக் கிழித்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து மூத்த டீச்சர் வந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. பையனை அழைத்துப்போய்த் தன் மேசைக்கருகே உட்காரவைத்து, புதுத் தாள் கொடுத்து, "இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. தெரிந்ததை மட்டும் எழுது" என்றார்.

நூற்றுக்குப் பதினொன்று வாங்கினான். நடுவர் கவனிக்க வேண்டும்: அந்த அம்மா பதினொன்றைத்தான் போட்டார். பாவம் பார்த்து ஒரு மார்க்கூடச் சேர்க்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு மணியில் வராந்தாவில் அவனோடு உட்கார்ந்தார். டிபன் டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து வட்டத்தின் பரப்பளவு சொல்லிக்கொடுத்ததை நானே பார்த்தேன். மூடியில் புளிச்சோறு ஒட்டியிருந்தது.

ஆண்டுத் தேர்வில் 38 எடுத்தான். அவன் நன்னெறி வகுப்புக்குப் போகிற பையன். நான் தாளைக் கிழித்த அன்று என் கரும்பலகை மூலையிலும் ஒரு வசனம் இருந்தது, நடுவர் அவர்களே. என்ன வசனம் என்றுதான் நினைவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.