வில்லனை வீட்டுக்கு அனுப்பியவர்

(சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘இன்றைய தமிழ் இயக்குநர்களிடம் அதிகம் தெரிவது யார்? ஸ்ரீதரா, பாலசந்தரா, பாரதிராஜாவா?’ ஸ்ரீதர் அணியில் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே, ஒன்றுக்கு இரண்டு அணியாக எதிரில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் தேக்காப் பக்கம் போகாமல் எங்களை நம்பி இங்கே வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பாலசந்தர் அணி அண்ணன், “எங்கள் ஆள் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தைச் சிங்கப்பூரிலேயே எடுத்தார்” என்று சொல்லி, கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தார். 1979ஆம் ஆண்டுப் படம். நானும்தான் கைதட்டினேன், நம்ம ஊர் ஆயிற்றே! ஆனால் யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் படம் எடுத்ததால் லாபம் யாருக்கு? நம் சுற்றுலாத் துறைக்கு. அவருக்குப் பின்னால் வந்த இயக்குநர்களுக்கு அதிலிருந்து என்ன கிடைத்தது? ஆகவே நடுவர் அவர்களே, அந்த மதிப்பெண்ணை அண்ணன் கணக்கில் போடாமல் சுற்றுலாத் துறைக்கே கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாரதிராஜா அணித் தங்கை என்ன சொன்னார்? “ஸ்ரீதரா? எங்க தலைமுறைக்கு அவர் யாருன்னே தெரியாதே!” உங்களுக்குத் தெரியாதுதான் அம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைய தலைப்பு யார் பெயர் அதிகம் தெரிகிறது என்பதல்ல. யாருடைய கைவண்ணம் இன்றைய படங்களில் தெரிகிறது என்பது. ஒருவர் புதிதாகச் செய்த காரியம், “காதல் படம்னா இப்படித்தானே இருக்கும்” என்று எல்லாரும் நினைக்கும் அளவுக்குப் பரவிவிட்டால், முதலில் செய்தவர் பெயர் மறந்துதான் போகும்.

அப்படி என்னதான் செய்தார்? தமிழ்ப் படத்திலிருந்து வில்லனை வீட்டுக்கு அனுப்பினார்.

1958ஐ எடுத்துக்கொள்வோம். ‘உத்தமபுத்திரன்’. சிவாஜிக்கு இரட்டை வேடம், அரண்மனை, வாள்சண்டை, சூழ்ச்சி செய்ய நம்பியார். அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் ஸ்ரீதர். அதே பேனா மறு வருடம் எழுதியது ‘கல்யாண பரிசு’. இந்த முறை கதை, வசனம் மட்டுமல்ல, இயக்கமும் அவரே. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை. அந்த 1959இல் வந்த மற்ற படங்களைப் பாருங்கள். கட்டபொம்மனுக்கு எதிரே வெள்ளைக்காரன் இருந்தான், போதாததற்கு எட்டப்பனும் இருந்தான். ‘பாகப்பிரிவினை’ குடும்பக் கதைதான், ஆனால் அந்தக் குடும்பத்தைப் பிரிக்க எம்.ஆர். ராதா தேவைப்பட்டார். ‘கல்யாண பரிசு’க்கு யார் தேவைப்பட்டார்கள்? யாருமே இல்லை.

கதை தெரியாத இளையர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்கரும் வசந்தியும் காதலிக்கிறார்கள். வசந்தியின் அக்கா கீதாவுக்கும் பாஸ்கர் மேல் ஆசை வருகிறது. அவன் தங்கையின் காதலன் என்று அவளுக்குத் தெரியாது. தங்கை விட்டுக்கொடுக்கிறாள், பாஸ்கர் அக்காவைக் கட்டுகிறான், மூன்று பேர் வாழ்க்கையும் நொறுங்குகிறது. இதில் யாரைத் திட்டுவீர்கள்? அக்காவை முடியாது, அவளுக்கு விஷயமே தெரியாது. தங்கையையும் முடியாது, அவள் அக்காவுக்காகச் செய்தாள். பாஸ்கரை வேண்டுமானால் கொஞ்சம் திட்டலாம், “முடியாது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். சொல்லியிருந்தால் மூன்றாவது ரீலிலேயே நாமெல்லாம் வீட்டுக்குக் கிளம்பியிருப்போம், அது வேறு விஷயம்!

அங்கே அண்ணன் “தேவதாஸ், தேவதாஸ்” என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. 1953லேயே வந்துவிட்டதே, அதிலும் வில்லன் கிடையாதே என்கிறார். அண்ணே, தேவதாஸையும் பார்வதியையும் பிரித்தது அப்பாவின் அந்தஸ்து. தடை வெளியே இருந்து வந்தது. கல்யாண பரிசில் காதலுக்குத் தடையாக வந்தது இன்னொரு காதல், அதுவும் நல்ல மனசுக்காரியின் காதல். அந்த வித்தியாசத்தில்தான் அடுத்த அறுபது வருடத் தமிழ்க் காதல் படமே இருக்கிறது. போகிற போக்கில் ஒன்று: தேவதாஸாக நடித்த நாகேஸ்வர ராவையே கூட்டிவந்து, கடைசியில் வசந்தியை மணக்கும் நல்லவராக நிறுத்தினார் ஸ்ரீதர். அந்தக் குறும்புக்காகவே நீங்கள் எங்கள் அணிக்குத் தாவலாம்.

இப்போது நான் அதிக நேரம் எடுக்கப்போகிற படம். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, 1962. மணி அடிக்க நினைத்தால் இதை முடித்த பிறகு அடியுங்கள் நடுவர் அவர்களே.

ஒரு மருத்துவமனை. கிட்டத்தட்ட முழுப் படமும் அதற்குள்ளேயே நடக்கிறது. படப்பிடிப்பு ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. பெரிய நட்சத்திரம் கிடையாது: கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன். நோயாளியாக வருபவர் கணவர் முத்துராமன். கூட வருபவள் மனைவி சீதா. சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டர், சீதாவின் பழைய காதலன். இதே கதையை வேறு ஒருவரிடம் கொடுத்திருந்தால் டாக்டர் ஊசியில் விஷம் ஏற்றியிருப்பார். அல்லது கணவர் படுத்த படுக்கையில் சந்தேகப்பட்டுச் சாப்பாட்டுத் தட்டை எறிந்திருப்பார். ஸ்ரீதரின் கணவர் என்ன செய்கிறார்? விஷயம் தெரிந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, நான் பிழைக்காவிட்டால் நீ அந்த டாக்டரையே கல்யாணம் செய்துகொள் என்கிறார். 1962இல்! அதைக் கேட்டு அவள் உடைந்துபோய்ப் பாடுவதுதான் ‘சொன்னது நீதானா’. இரவானால் நம் வானொலியில் இன்றைக்கும் கேட்கிறோமே, அந்தப் பாட்டு. கண்ணதாசன், விஸ்வநாதன்-ராமமூர்த்தி, சுசீலா என்று எல்லாரும் பாட்டைப் பற்றியே பேசுவார்கள். நான் வின்சென்டின் கேமராவைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு பெண், எழுந்திருக்க முடியாத ஓர் ஆண். மரத்தைச் சுற்ற மரம் இல்லை, ஓடிப் பிடிக்கத் தோட்டம் இல்லை. அந்தச் சின்ன இடத்துக்குள் கேமரா அவர்களைச் சுற்றி அலைகிற அலைச்சலைப் பாருங்கள். இரண்டு பேரும் பேச முடியாததையெல்லாம் அது பேசிவிடுகிறது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மூவறை வீட்டுக்குள் குறும்படம் எடுத்துக்கொண்டு “இடம் பத்தலை” என்று புலம்பும் தம்பிகள் ஒருமுறை அந்தப் பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் கணவரைப் பிழைக்க வைத்துவிட்டு டாக்டரைச் சாகடித்து, அவருக்குச் சிலையும் திறந்தது எனக்குப் பிடிக்காது. மூன்று பேரையும் உயிரோடு விட்டிருந்தால் கதை இன்னும் கனத்திருக்கும். அந்தக் கடனை யார் அடைத்தார் தெரியுமா? தங்கச்சி, கவனமாகக் கேளுங்கள், உங்கள் அணிக்காரர்தான்!

பாரதிராஜாவின் சீடர் பாக்யராஜ். 1981, ‘அந்த 7 நாட்கள்’. மனைவிக்குப் பழைய காதலன் உண்டு என்று தெரிந்த கணவர், அவனைத் தேடிப்பிடித்து அவளைச் சேர்த்துவைக்கக் கிளம்புகிறார். கணவர் என்ன வேலை பார்க்கிறார்? டாக்டர்! ஸ்ரீதர் காதலனுக்கு மாட்டிய வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கணவருக்கு மாட்டியிருக்கிறார் பாக்யராஜ். கதாநாயகி பெயர் என்ன? வசந்தி! கல்யாண பரிசு வசந்தி! குருநாதர் பாரதிராஜாதான், மறுக்கவில்லை. ஆனால் சீடரின் ஆகச் சிறந்த படத்தில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. கிராமத்திலிருந்து கிளம்பிய பிள்ளை நேராக ஸ்ரீதரின் மருத்துவமனை வாசலுக்கு வந்து நிற்கிறது.

அடுத்து 1986, மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’. புதுப் பெண்டாட்டியிடம் கணவன் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறான். அவள் விவாகரத்து கேட்கிறாள். அவன் அதையும் மதிக்கிறான். மோகனின் அந்தப் பொறுமைக்கு மூதாதை யார்? படுக்கையில் கிடந்த முத்துராமன்.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 2018, பிரேம்குமார் இயக்கிய ‘96’. ஜானு எங்கிருந்து வந்தாள்? நம்ம சிங்கப்பூரிலிருந்து! (அண்ணே, இப்போது நீங்கள் கைதட்டலாம்.) பள்ளிக்காலத்துக் காதலனோடு சென்னையில் ஓர் இரவு. கணவன் கொடுமைக்காரன் என்று ஒரு பழி கிடையாது, பழைய காதலன் ஏமாற்றினான் என்று ஒரு கோபம் கிடையாது. என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “யாருமே கெட்டவங்க இல்லையே அப்பா, பிறகு ஏன் இவ்வளவு அழுகை வருது?” நான் பதில் சொல்லவில்லை. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ போட்டுக் காட்டினேன். அரைமணி நேரம் கருப்பு வெள்ளையைக் கேலி செய்துகொண்டு இருந்தாள், ‘எங்கிருந்தாலும் வாழ்க’ வந்தபோது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

அழவைத்ததோடு ஸ்ரீதர் கணக்கு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டே வருடத்தில் ‘காதலிக்க நேரமில்லை’. 1964, வண்ணப்படம். கதாநாயகன் ரவிச்சந்திரன் அக்கரை மலேசியாப் பிள்ளை, அது நமக்குக் கூடுதல் சந்தோஷம். சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் சேர்ந்து செய்த கூத்தில் நாகேஷ் பாலையாவிடம் கதை சொல்லும் காட்சியை யாராவது மறந்திருக்கிறீர்களா? ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்றதுமே முன்வரிசை சிரிக்கிறது பாருங்கள்! அந்தக் காட்சியில் சிலேடை கிடையாது, உதை கிடையாது, யார் உருவத்தையும் கேலி செய்யவில்லை. நாகேஷ் வாயால் சத்தம் எழுப்புகிறார், பாலையா பயப்படுகிறார், அவ்வளவுதான். அந்தப் படத்தில் நகைச்சுவை தனி வண்டியில் வரவில்லை, கதையே நகைச்சுவை. பணக்கார அப்பா, வீட்டுக்குள் நுழைய ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற முத்துராமனுக்கு ஒட்டுத்தாடி. 1996இல் ‘உள்ளத்தை அள்ளித்தா’ பார்த்துத் திரையரங்கில் உருண்டு சிரித்தோமே, அந்த ஆள்மாறாட்டக் குடும்பத்துக்கு இதுதான் பூர்வீக வீடு.

எதிரணிகளுக்கு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். ‘தண்ணீர் தண்ணீர்’ மாதிரி ஒரு படத்தை ஸ்ரீதரால் எடுத்திருக்க முடியாது. அரசாங்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற கோபம் அவரிடம் இல்லை. அந்தப் பெருமை பாலசந்தருக்கே. ஆனால் அந்தக் கோபத்தை இன்று எத்தனை பேர் அவர் வழியில் எடுக்கிறார்கள்? அவரே 1965இல் ‘நீர்க்குமிழி’யோடு இயக்குநராக வந்தபோது முதல் காலடி எங்கே வைத்தார்? ஒரு மருத்துவமனையில்! நாடகமாக இருந்த கதைதான், தெரியும். இருந்தாலும் ஒரே இடத்துக்குள் ஒரு முழுப் படத்தை ஓட்டலாம், ஜனங்கள் பார்ப்பார்கள் என்ற தைரியத்தைத் தயாரிப்பாளர்களுக்கு மூன்று வருடம் முன்பே கொடுத்தது யார்?

பாரதிராஜா கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார், ‘16 வயதினிலே’வுக்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன். கேமராவை வெளியே எடுத்துப்போன முதல் ஆள் அவர்தான் என்று தங்கை சொன்னதைத்தான் ஏற்கமாட்டேன். 1961லேயே ‘தேன் நிலவு’க்காகக் காஷ்மீர் போய்விட்டார் ஸ்ரீதர். ஆழியாறு அணைப் பக்கம் ‘காதலிக்க நேரமில்லை’ எடுத்தார். என்ன, அவர் படத்தில் போனவர்கள் வேட்டியை மடித்துக் கட்டவில்லை!

இன்னொரு குற்றச்சாட்டு: “அறுபதுகளோடு அவர் முடிந்துவிட்டார், பிறகு எம்.ஜி.ஆரிடம் போய்விட்டார்.” போனார். 1974, ‘உரிமைக்குரல்’. எம்.ஜி.ஆர் படத்தில் வில்லன் இல்லாமல் முடியுமா? தானே அனுப்பிவைத்தவரைத் தானே திரும்பக் கூப்பிட்டார், கையைப் பிசைந்துகொண்டுதான் ஒத்துக்கொள்கிறேன். கடன் வந்தால் கொள்கை கொஞ்சம் நகரும், இங்கே வீட்டுக் கடன் கட்டுகிற யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 1978இல் என்ன செய்தார்? ரஜினி, கமல், இளையராஜா. ‘இளமை ஊஞ்சலாடுகிறது’. மறுபடியும் இரண்டு நண்பர்கள், இரண்டு பெண்கள், குறுக்கும் நெடுக்குமாகக் காதல். ரஜினியையும் கமலையும் ஒரே படத்தில் வைத்துக்கொண்டு, சண்டையை நம்பாமல் விட்டுக்கொடுப்பதை நம்பிய துணிச்சலை என்னவென்று சொல்வது?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். கடைசியாக ஒரு பந்தயம், அடுத்துப் பேச வரும் தங்கைக்கு. ‘அந்த 7 நாட்கள்’, ‘மௌன ராகம்’, ‘96’. மூன்றில் ஏதாவது ஒரு படத்துக்கு வில்லன் யார் என்று இந்த மேடையில் பெயர் சொல்லட்டும். சொல்லிவிட்டால் என் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். வணக்கம்.