இருபத்தைந்து ஆண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு மாநிலமோ மாகாணமோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கான பொருளாதாரத் திட்டத்தை எப்படி எழுத வேண்டும் என்று பேசச் சொன்னீர்கள். திருகோணமலையில் இதைப் பேசுவது லேசான காரியம் இல்லை. ‘திட்டம்’ என்ற சொல்லே இங்கே பலருக்கு வயிற்றைக் கலக்கும். கந்தளாய், அல்லை நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டங்கள் என்றால் நம் அப்பாமாருக்கு வாய்க்காலும் வயலும் மட்டுமா நினைவுக்கு வந்தன? யாருக்குக் காணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கும் சேர்ந்தே வந்தது.

மூதூர்ப் பக்கத்துச் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் போரால் சனம் ஊரைவிட்டுப் போனது. அவர்கள் முகாம்களில் இருந்தபோதே அந்த மண்ணில் அனல் மின் நிலையம் கட்ட முடிவாகி, 2011இல் ஒப்பந்தமும் ஆனது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நிலக்கரியைவிட வெயில் நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இரண்டு முறையும் முடிவு ஊருக்கு வெளியேதான் எடுக்கப்பட்டது.

மகாவலிக் கதையும் அதுதான். கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும் அந்த ஆற்றுக்கு 1960களில் ஐ.நா. உதவியோடு 30 ஆண்டுத் திட்டம் போட்டார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அதை ஏறத்தாழ 6 ஆண்டில் முடிப்பதென்று சுருக்கினார்கள். அணைகள் எழும்பின, மின்சாரம் வந்தது. ஆனால் இப்படி அவசரப்படும்போது, சனத்திடம் உட்கார்ந்து கேட்கும் நேரம்தான் முதலில் பறிபோகிறது.

சரி, கேட்டுச் செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? கேரளத்தில் இருக்கிறார்கள். 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளூராட்சி அமைப்புகளுக்கே ஒதுக்கினார்கள். முதலில் கிராம சபை கூடியது. அப்புறம் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் நிலம், நீர், பள்ளி, தொழில் எல்லாவற்றையும் கணக்கெடுத்து ஒரு வளர்ச்சி அறிக்கை எழுதியது. ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள் சம்பளம் வாங்காமல் வரைபடங்களைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். 2001இல் ஆட்சி மாறியபோது பெயரை மாற்றினார்களே தவிர, அடிப்படையைத் தூக்கி எறிய முடியவில்லை. ஊர் ஊராக அறிக்கை எழுதியவர்கள் இருந்தார்களே!

தமிழ்நாட்டில் வேறு வழி. அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 1971இல் உருவானது. தொழிற்சாலைகளுக்கு நிலம், தெரு, தண்ணீர் என்று முன்கூட்டியே தயார் செய்துவைப்பது அதன் வேலை. 1990களில் ஹூண்டாய் கார் நிறுவனம் வந்தபோது சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இடம் இருந்தது. இடையில் எத்தனை முறை ஆட்சி மாறியது! அடுத்த ஆட்சி கலைக்காத ஒரு நிறுவனமும் நீண்டகாலத் திட்டத்துக்கு வேண்டும்.

நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது? அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணப் பொருளாதாரத் திட்டங்களை நடைமுறைப்படுத்துவது மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. துறைமுகமோ எப்போதும் மத்திய அரசின் கையில். ஆனாலும் தேர்தல் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை நான் ஏற்கமாட்டேன். கேரளத்துப் பஞ்சாயத்து அறிக்கையைப் போல ஒன்றை எழுத நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

என்ன எழுதுவது என்கிறீர்களா? சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். வெள்ளைக்காரன் 1930களில் கட்டத் தொடங்கியவை; 99 நிற்கின்றன; ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீட்டர் கொள்ளும். பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் சும்மா கிடந்தன. 2022 ஜனவரியில் அவற்றை இந்திய எண்ணெய் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அங்கே வெல்டிங் செய்ய, குழாய் பொருத்த, பாதுகாப்புப் பார்க்க எத்தனை பேர் வேண்டும், அதில் மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளை எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் பழக்குவது? இது முதல் பக்கம். தம்பலகாமத்து நெல்லும் நம் மீனும் வேறு ஊருக்கு லொறி ஏறாமல், இங்கேயே அரிசியாகவும் பதப்படுத்திய மீனாகவும் மாற என்ன வேண்டும் என்பது இன்னொரு பக்கம். பராமரிப்புச் செலவுக்கும் ஒரு பக்கம் வையுங்கள். 1986 ஏப்ரல் 20ஆம் தேதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் காணி. யாரிடம் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது, யாரிடம் வெறும் அரசாங்கப் பெர்மிட் இருக்கிறது, யாரிடம் இரண்டும் இல்லை என்று கிராம சேவையாளர் பிரிவு வாரியாக, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டும். ஒரு சமூகம் தனியாக எழுதினால் மற்ற இரண்டும் பயந்துவிடும். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும்.

என் பேச்சை இங்கே நிறுத்துகிறேன். பின் வரிசையில் சம்பூரிலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் முதலில் பேசுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.