பேய்ப் பெயர் வைத்த கார்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் புது வண்டி வாங்கினால் முதலில் போய் நிற்கும் இடம் கோயில் வாசல். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் ரோட்டில் ஓட்டுவோம். பேய் பிசாசு எதுவும் அண்டக்கூடாது பாருங்கள். ஆனால் உலகத்திலேயே விலை கூடிய கார்களில் ஒன்றுக்குப் பெயரே பேய். ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட். இன்னொன்று ஃபேன்டம்; அதுவும் பேய்தான். ரெய்த் என்று ஒன்று வந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் ஆவி என்று அர்த்தம். ஷேடோ என்றால் நிழல். 2023இல் வந்த மின்சாரக் காருக்கு ஸ்பெக்டர், மறுபடியும் ஆவி. காசு கொட்டிக் கொடுத்து வாங்குகிற வண்டிக்கு ஏன் இப்படி மயானத்தைச் சுற்றியே பெயர் தேடுகிறார்கள்?

ரோல்ஸ் ராய்ஸ் என்றதுமே கோபத்தில் அந்தக் காரைக் குப்பை அள்ள விட்ட மகாராஜா கதை சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும். அந்த ஒரே கதையை மூன்று நான்கு சமஸ்தானங்களின் பேரில் சொல்லிவிட்டார்கள். அதை ஒதுக்கிவிடுவோம். நிஜக் கதை அதைவிட நன்றாகவே இருக்கிறது.

ஹென்ரி ராய்ஸ் 1863இல் இங்கிலாந்தில் ஒரு மாவு மில்காரர் வீட்டில் பிறந்தவர். தொழில் நொடித்து, அப்பாவும் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. பேப்பர் விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். உறவுக்கார அம்மாள் ஒருவர் பணம் கட்டி ரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். அந்தப் பணமும் பாதியில் நின்றுபோனது. முறையான படிப்பு அவ்வளவுதான். 1884இல் கூட்டாளி ஒருவரோடு மான்செஸ்டரில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். காலிங் பெல், விளக்குச் சாமான், பிறகு டைனமோ, கிரேன்.

கொஞ்சம் காசு சேர்ந்ததும் டெக்காவில் என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினார். அது போட்ட சத்தமும் ஆட்டமும் அவரால் தாங்க முடியவில்லை. மற்றவராயிருந்தால் விற்றுத் தலை முழுகியிருப்பார். இவர் அக்கக்காகப் பிரித்துப்போட்டு, எது சரியில்லை என்று பார்த்துவிட்டு, தானே ஒரு கார் செய்ய உட்கார்ந்துவிட்டார். 1904 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த இரண்டு சிலிண்டர் வண்டி ஓடியது. சிலிண்டர் என்றால் இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும் குழல். முட்டாள்கள் தினம்தான், தேதி அப்படி அமைந்துவிட்டது.

சார்லஸ் ரோல்ஸ் பிரபு வீட்டுப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் படித்தவர். லண்டனில் வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். உள்நாட்டில் விற்கத் தகுந்த நல்ல வண்டி இல்லையே என்பது அவர் மனக்குறை. 1904 மே 4ஆம் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஓட்டலில் இருவரும் சந்தித்தார்கள். இரண்டு சிலிண்டர் வண்டி என்றாலே ரோல்ஸுக்கு ஆகாது, உதறும், குலுக்கும். ராய்ஸின் வண்டியில் ஏறிப் பார்த்தார். உதறவில்லை. நீங்கள் செய்யும் கார் அத்தனையையும் நானே விற்கிறேன், இருவர் பெயரையும் சேர்த்து வைப்போம் என்று பேசி முடித்தார்.

பெயர் வைப்பதில் மன்னன் என்றால் மூன்றாவது ஆளான கிளாட் ஜான்சன். நிர்வாகம் பார்த்தவர். ஆங்கிலத்தில் அந்த இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு சிறு கோடு போடுவார்களே, அந்தக் கோடே இவர்தான் என்பார்கள். ராய்ஸ் அடுத்து ஆறு சிலிண்டர் வண்டி செய்தார். ஆறு சிலிண்டர் என்றால் உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு நீளமாகிவிடும். நீண்ட கம்பியைப்போல முறுக்கிக்கொண்டு அதிரும். ராய்ஸ் அந்த ஷாஃப்டைத் தடிமனாக்கி, ஏழு பேரிங்குகளில் தாங்கவைத்து, சிலிண்டர்களை மும்மூன்றாகப் பிரித்து முன்னும் பின்னும் எதிரெதிராக அமைத்தார். அதிர்வு அடங்கியது, சத்தமும் அடங்கியது.

1907இல் அந்த மாடலில் ஒரு வண்டிக்கு ஜான்சன் வெள்ளி நிறம் அடித்து, விளக்கு முதலான பாகங்களுக்கு வெள்ளி முலாம் பூசி, பெயர்ப்பலகையும் மாட்டினார்: சில்வர் கோஸ்ட், வெள்ளிப் பேய். வருவதே தெரியாமல் வந்து நிற்பதால் பேய். ஏஎக்ஸ் 201 என்பது பதிவு எண். அதை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே 27 தடவை ஓட்டி, மொத்தம் 15,000 மைல் கடந்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்தபோது, புதிதுபோலாக்கத் தேவைப்பட்ட செலவு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். வேடிக்கை என்னவென்றால், அது அந்த ஒரு வண்டியின் செல்லப்பெயர்தான். 1925இல் ஃபேன்டம் வந்தபிறகுதான் பழைய மாடல் முழுவதுக்கும் கம்பெனியே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

இதில் ரோல்ஸ் பார்த்தது கொஞ்சம்தான். 1910 ஜூலையில் அவர் ஓட்டிய விமானம் போர்ன்மத்தில் நொறுங்கி விழுந்தது. வயது 32.

அந்தக் காரின் மூக்கில் முன்னால் சாய்ந்து நிற்கும் பெண் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த சிற்பி சார்லஸ் சைக்ஸ், அதற்கு முன்பே மான்டேகு பிரபுவின் ரோல்ஸ் ராய்ஸுக்காக ஒரு சிலை செய்திருந்தார். அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்து நிற்பாள். பேர், விஸ்பர், அதாவது கிசுகிசுப்பு. அதற்கு மாதிரியாக நின்றவர் பிரபுவின் செயலாளர் எலனர் தார்ன்டன். கம்பெனிக்காக 1911இல் செய்த சிலையிலும் அவர் சாயல்தான் என்பார்கள். பிரபுவுக்கும் எலனருக்கும் இருந்த காதலை வெளியில் சொல்லாதே என்று அந்த விரல் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1915 டிசம்பர் 30ஆம் தேதி இருவரும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பெர்சியா என்ற கப்பலை, மத்தியதரைக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. பிரபு தப்பினார். எலனர் தப்பவில்லை.

பெயர்ப் பஞ்சாயத்தும் உண்டு. 1965இல் வந்த காருக்கு முதலில் சில்வர் மிஸ்ட், வெள்ளிப் பனிமூட்டம் என்று யோசித்திருந்தார்கள். ஜெர்மன் மொழியில் மிஸ்ட் என்றால் சாணம். சில்வர் ஷேடோ என்று மாற்றிக்கொண்டார்கள்.

அதே ஜெர்மனியிலிருந்துதான் பின்னால் இரண்டு கம்பெனிகள் மல்லுக்கட்டிக்கொண்டு வந்தன. 1998இல் ஃபோக்ஸ்வேகன் 430 மில்லியன் பவுண்டு கொடுத்து க்ரூ நகரத்திலிருந்த ரோல்ஸ் ராய்ஸ் கார்த் தொழிற்சாலையை வாங்கியது. அங்கேயே தயாரான பென்ட்லி என்ற இன்னொரு காரும் அந்தப் பெண் சிலையும் அதில் சேர்த்தி. ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் மட்டும் வரவில்லை. அது விமான இன்ஜின் செய்யும் தனிக் கம்பெனியின் சொத்து. அந்தப் பெயரை 40 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது பிஎம்டபிள்யூ. வீட்டைக் கிரயம் செய்தவர் ஒருவர், வாசலில் பெயர்ப்பலகை மாட்டும் உரிமை இன்னொருவருக்கு! கடைசியில் பேசித் தீர்த்து, 2003இலிருந்து இங்கிலாந்தின் குட்வுட்டில் புதுத் தொழிற்சாலை கட்டி பிஎம்டபிள்யூ தான் செய்கிறது. அங்கே பிறந்த முதல் காருக்கும் ஃபேன்டம் என்றே பெயர் வைத்தார்கள்.

மின்சாரக் காரில் சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை, சார்ஜ் ஏற்ற வழியிருந்தால் நன்றாயிருக்கும் என்று 1900இலேயே சொன்னவர் சார்லஸ் ரோல்ஸ். அது ஸ்பெக்டராக வந்து சேர நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வந்த நேரம் பாருங்கள், மின்சார வண்டி சத்தமில்லாமல் வந்தால் நடந்துபோகிறவர்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வரையில் போகும்போது வண்டி செயற்கையாக ஒரு ஒலி எழுப்பியே ஆகவேண்டும். பேய்க்குக் கொலுசு மாட்டிவிட்டார்கள்.

வணக்கம்.